பீரோ நிறைய துணி, போட ஒண்ணுமே இல்லையா? எல்லா சீசனுக்கும் ஆகிற டிரஸ் வாங்குற கணக்கு



எஸ்.ஐ.பி., இன்சூரன்ஸ், வருமான வரின்னு பேசுற இடத்துல சுடிதாரைப் பத்தி எதுக்குக் கட்டுரைன்னு சிலருக்குத் தோணலாம். காரணம் இருக்கு. வீட்டு வாடகை எவ்வளவு, ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு, ஸ்கூட்டி தவணை எவ்வளவுன்னு கேட்டா எல்லாரும் டக்குன்னு சொல்லிடுவாங்க. துணிக்கு வருஷத்துக்கு எவ்வளவு போகுதுன்னு கேட்டா மட்டும் யோசிப்பாங்க. ஏன்னா அது மொத்தமாப் போறதில்லை. 599, 799, 1,249ன்னு துண்டு துண்டா, கண்ணுக்குத் தெரியாமப் போகுது.

போன வருஷம் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்திருந்தாங்க. பேர் வேண்டாம், கணக்கை மட்டும் சொல்றேன். அவங்க அனுமதியோடதான் எழுதறேன். அம்மாவோட கண் ஆபரேஷனுக்காக கழுத்துச் செயினை 35,000 ரூபாய்க்கு அடகு வெச்சிருந்தாங்க. ஸ்டேட்மென்ட்ல மாசா மாசம் துணி வாங்கின செலவு வரிசையா இருந்தது. "ஆனா காலைல கிளம்பும்போது போட ஒண்ணுமே இல்ல மேடம்"னு அவங்களே சிரிச்சாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை பீரோவைக் கொட்டி எண்ணச் சொன்னேன். மொத்தம் 64 டிரஸ். அதுல கடந்த ஒரு வருஷத்துல ஒரு தடவைகூட போடாதது 41. சராசரியா 900 ரூபாய்னு வெச்சாலும் 36,900 ரூபாய். அதாவது செயினை மீட்கத் தேவையான பணம் அவங்க வீட்டு பீரோவுலயே மடிச்சு வெச்சிருந்தது. ஆனா துணியைத் திருப்பிப் பணமாக்க முடியாது.

வியாபாரத்துல இதுக்கு டெட் ஸ்டாக்னு பேர். விக்காத சரக்கு. அந்த 41 டிரஸ்ஸையும் ஏன் போடலைன்னு ஒவ்வொண்ணா கேட்டு எழுதினோம். "வெயில்ல போட முடியாது", "மழைல காயாது", "துவைச்சதும் சுருங்கிடுச்சு", "இதுக்கு மேட்சா பேன்ட் இல்லை", "டைட் ஆயிடுச்சு". பிடிக்கலைன்னு சொன்னது ரொம்பக் கம்மி. பெரும்பாலானது ஒரு சீசனுக்கு மட்டும் ஆகிற துணி, இல்லன்னா ஒரே ஒரு சந்தர்ப்பத்துக்கு மட்டும் ஆகிற துணி. அதனாலதான் இந்தக் கட்டுரை.

1. விலையைப் பாக்காதீங்க, ஒரு தடவை போட என்ன ஆகுதுன்னு பாருங்க

சூத்திரம் சின்னது. வாங்கின விலையோட பராமரிப்புச் செலவைக் கூட்டுங்க. எத்தனை தடவை போடுவீங்களோ அந்த எண்ணால வகுங்க. மூணு உதாரணம் பாக்கலாம்.

முதல் டிரஸ்: ஸ்டோன் வொர்க் வெச்ச ஜார்ஜெட் செட். விலை 2,400 ரூபாய். விசேஷத்துக்கு மட்டும்தான். வருஷத்துக்கு 4 தடவைன்னா ரெண்டு வருஷத்துல 8 தடவை. ரெண்டு தடவைக்கு ஒரு டிரை வாஷ், ஒவ்வொண்ணும் 200 ரூபாய்னா 800 ரூபாய். மொத்தம் 3,200. எட்டால வகுத்தா ஒரு தடவை போட 400 ரூபாய்.

ரெண்டாவது: நல்ல காட்டன் குர்த்தி. விலை 1,100 ரூபாய். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு 26, ரெண்டு வருஷத்துக்கு 52 தடவை. ஒவ்வொரு தடவையும் இஸ்திரிக்கு 12 ரூபாய்னா 624. மொத்தம் 1,724. ஒரு தடவை போட சுமார் 33 ரூபாய்.

மூணாவது: ஆஃபர்ல கிடைச்ச 399 ரூபாய் ரேயான் டாப். பத்துத் துவைப்புல சுருங்கி, முழங்கைப் பக்கம் பஞ்சு எழும்பி, வீட்டுல போடுற துணி ஆயிடுச்சு. இஸ்திரி 120 ரூபாய் சேர்த்து 519. பத்தால வகுத்தா சுமார் 52 ரூபாய்.

பாத்தீங்களா? 399 ரூபாய் டாப், 1,100 ரூபாய் குர்த்தியைவிட விலை அதிகம்! பில்லுல தெரியாது, வகுத்துப் பாத்தாதான் தெரியும்.

வகுக்குற எண்ணை எப்படிப் பெருசாக்குறது? அங்கதான் சீசன் வருது. வருஷத்துல ரெண்டு மாசம் மட்டும் போடக்கூடிய துணியும் பத்து மாசம் போடக்கூடிய துணியும் ஒரே விலைன்னா, ரெண்டாவதுதான் மலிவு.

2. நம்ம ஊருக்கு எத்தனை சீசன்?

இணையத்துல "ஆல் சீசன் வார்ட்ரோப்"னு தேடினா கோட், பூட்ஸ், ஸ்வெட்டர்னு வரும். அது பனி விழுற நாட்டுக்கான கணக்கு. நம்ம கணக்கே வேற.

மார்ச்ல ஆரம்பிச்சு அக்னி நட்சத்திரம் தாண்டி ஜூன் வரைக்கும் வெயில். ஆடிக் காத்து அடிச்சாலும் வேர்வை குறையாது. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மார்கழி, தை மாசத்துல கொஞ்சம் பனி. ஜனவரி விடியக்காலைலகூட சென்னைல 20 டிகிரி பக்கத்துலதான் இருக்கும். அதுக்கு ஸ்வெட்டர் தேவையில்லை, கனமான ஒரு துப்பட்டா போதும்.

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடுன்னு மலைல இருக்கறவங்களுக்கு இது பொருந்தாது. அங்க கம்பளித் துணி அவசியச் செலவு. மத்த ஊர்ல இருக்கறவங்க துணி வாங்கும்போது யோசிக்க வேண்டியது மூணு நிலைமைதான்:

- வேர்வை: பஸ் ஸ்டாப், ரயில், சமையலறை, ஃபேன் ஓடாத வகுப்பறை.
- ஈரம்: மழைல நனையுறது, துவைச்ச துணி ரெண்டு நாள் காயாம வாடை அடிக்கிறது.
- ஏசி: ஆபீஸ்ல எட்டு மணி நேரம். வெளிய 38 டிகிரி, உள்ள 22 டிகிரி.

நகரத்துல வேலைக்குப் போறவங்களுக்கு இந்த மூணுமே ஒரே நாள்ல வந்துடும். மூணுல ரெண்டையாவது தாங்குற துணிதான் வருஷம் முழுக்க ஆகும்.

3. எந்தத் துணி எதைத் தாங்கும்?

காட்டன்: வேர்வையை உறிஞ்சும், காத்து போகும். ஆனா கனமான காட்டன் மழைக்காலத்துல சீக்கிரம் காயாது. மல் காட்டன் மாதிரி மெல்லிசா இருந்தா அந்தப் பிரச்சினை குறைவு. வருஷம் முழுக்கன்னா ரொம்பக் கனமும் இல்லாம, உள்ள தெரியுற அளவுக்கு மெல்லிசாவும் இல்லாம நடுத்தரமா எடுங்க.

லினன்: வெயிலுக்கு அருமை, சீக்கிரம் காயும். விலை அதிகம், உக்காந்து எழுந்தா கசங்கும். கசங்கினா பரவாயில்லைங்கறவங்க மட்டும் வாங்குங்க. இல்லன்னா இஸ்திரிச் செலவு ஏறும்.

ரேயான், விஸ்கோஸ்: மரக்கூழ்ல இருந்து செய்யுற நூல். தொட்டா பட்டு மாதிரி வழுவழுன்னு இருக்கும், வேர்வையையும் உறிஞ்சும். ஆனா ஈரமானா நூலோட பலம் குறையும். முறுக்கிப் பிழிஞ்சா, வாஷிங் மெஷின்ல சுத்தவிட்டா சீக்கிரம் வடிவம் போயிடும். கையில அலசி, பிழியாம நிழல்ல போட முடியும்னா வாங்கலாம்.

பாலியெஸ்டர், ஜார்ஜெட், கிரேப்: மழைல நனைஞ்சாலும் சீக்கிரம் காயும், இஸ்திரி வேண்டாம், சாயம் நிக்கும். ஆனா வேர்வையை உறிஞ்சாது, உடம்போட ஒட்டும். ஏசி ஆபீஸுக்கும் மழைக்காலத்துக்கும் சரி. மே மாசம் பஸ்ல போறதுக்கு சரிப்படாது.

காட்டன்-பாலியெஸ்டர் கலவை: முழு காட்டன் அளவுக்குக் குளுமை இல்லை, ஆனா கம்மியா கசங்கும், சீக்கிரம் காயும். காட்டன் பங்கு பாதிக்கு மேல இருந்தா தினசரி உபயோகத்துக்கு நல்ல சமரசம்.

ரெண்டு விஷயத்துல நிறையப் பேர் ஏமாறுறாங்க. ஒண்ணு, "காட்டன் ஃபீல்"னு எழுதியிருந்தா அது காட்டன் இல்லை. உள்பக்கத் தையல்ல இருக்கற லேபிளைப் பாருங்க. லேபிளே இல்லைன்னா, வீட்டுக்கு வந்ததும் ஓரத்துல ரெண்டு நூலை உருவி, பாத்திரம் கழுவுற தொட்டிமேல ஜாக்கிரதையா கொளுத்திப் பாருங்க. காகிதம் எரியுற வாடை வந்து சாம்பலா உதிர்ந்தா காட்டனோ ரேயானோ. உருகி, ஆறினதும் கெட்டியா உருண்டை ஆச்சுன்னா பாலியெஸ்டர் கலந்திருக்கு.

ரெண்டாவது, லைனிங். மேல சுத்தமான காட்டன், உள்ள சிந்தெடிக் லைனிங்! உடம்புல படுறது உள்துணிதானே? காட்டனுக்குக் காசு கொடுத்துட்டு பாலியெஸ்டரைப் போட்டுக்கிட்டு போறீங்கன்னு அர்த்தம். லைனிங்கும் காட்டனான்னு கேட்டு வாங்குங்க.

சேலையைப் பத்தியும் ஒரு வார்த்தை. சின்னாளப்பட்டி சுங்குடி, செட்டிநாடு கண்டாங்கி, நெகமம் காட்டன் மாதிரி கைத்தறிச் சேலைகளுக்கு ஒரு பொருளாதார லாபம் இருக்கு. சேலைக்கு சைஸ் கிடையாது. குழந்தை பிறந்து எடை கூடினாலும், குறைஞ்சாலும், அம்மா கட்டினதை மகள் கட்டினாலும் ஆகும். மாத்த வேண்டியது ரவிக்கை மட்டும்தான். தைக்கக் கொடுக்கும்போது "ரெண்டு பக்கமும் உள்ள ஒரு இன்ச் விட்டுத் தைங்க"ன்னு டெய்லர்கிட்ட சொல்லிடுங்க.

4. வெட்டு, நீளம், தையல்

நல்ல துணியா இருந்தும் வெட்டு தப்பா இருந்தா ஒரு சீசனோட முடிஞ்சிடும்.

- தரையைத் தொடுற அனார்கலி, அகலமான பலாஸோ எல்லாம் மழைத்தண்ணியை முழங்கால் வரைக்கும் உறிஞ்சும். கணுக்காலுக்கு மேல நிக்கிற ஸ்ட்ரெயிட் பேன்ட் பன்னிரண்டு மாசமும் ஆகும்.
- முக்கால் கை எல்லா சீசனுக்கும் பொருந்தும். வெயில்ல கை கறுக்காது, ஏசில நடுங்காது, வேலை செய்யும்போது மடிச்சும் விடலாம்.
- ஸ்லீவ்லெஸ் பிடிக்கும்னா வாங்குங்க, கூடவே ஒரு காட்டன் ஷ்ரக். ஒரே ஷ்ரக் ஐந்தாறு டிரஸ்ஸை ஏசிக்கும் பனிக்கும் தயாராக்கிடும்.
- உள்பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்க. பிரிச்சுவிட இடம் இருக்கா? இருந்தா ரெண்டு வருஷம் கழிச்சு டைட் ஆனாலும் டெய்லர் கொஞ்சம் காசுல சரிபண்ணிடுவாங்க. இல்லன்னா அது டெட் ஸ்டாக்.
- கோத்து ஒட்டின கல்லு, ஜரிகை, சமிக்கி எல்லாம் துவைக்கிற செலவைக் கூட்டும், போடுற தடவையைக் குறைக்கும். நம்ம சூத்திரத்துல ரெண்டு பக்கமும் அடி.

5. எட்டு துணி, பதினைந்து டிரஸ்

செட்டா வாங்குனா எட்டு செட்டுக்கு எட்டு டிரஸ்தான். தனித்தனியா வாங்கி, நிறம் யோசிச்சு எடுத்தா, ஐந்து குர்த்தி, மூணு பேன்ட், மொத்தம் எட்டே உருப்படில 5 × 3 = 15 ஜோடி வரும்.

இதுக்கு ஒரே நிபந்தனை, பேன்ட்டோட நிறம். கறுப்பு, கருநீலம், சந்தனம் மூணும் இருந்தா பெரும்பாலான குர்த்தியோட சேரும். மழைல சேறு தெறிச்சாலும் முதல் ரெண்டுல தெரியாது. வெளிர் நிறத்தை மேல வெச்சுக்கோங்க, வெயிலுக்கு நல்லது. ஆனா மழைக்காலத்துல மெல்லிசான வெள்ளை வேண்டாம், நனைஞ்சா சங்கடம்.

கடைல நிக்கும்போது ஒரே கேள்வி: "இது வீட்டுல ஏற்கெனவே இருக்கற மூணு துணியோட சேருமா?" சேராதுன்னா, இந்த ஒண்ணுக்காக இன்னும் ரெண்டு வாங்க வேண்டிவரும். அப்போ அதோட நிஜ விலை அந்த மூணும் சேர்ந்த விலை.

6. பில்லுல ஒளிஞ்சிருக்கற கணக்கு

ஜி.எஸ்.டி.: 2025 செப்டம்பர் 22லிருந்து, தைச்ச ஆடை ஒண்ணு 2,500 ரூபாய் வரைக்கும்னா 5% வரி. அதைத் தாண்டினா 18%. முன்னாடி இந்த எல்லை 1,000 ரூபாய், அதுக்கு மேல 12%. இப்போ வரிக்கு முன் 2,500 ரூபாய் குர்த்திக்கு வரி 125, மொத்தம் 2,625. அதே குர்த்தி 2,600 ரூபாய்னா வரி 468, மொத்தம் 3,068. விலைல 100 ரூபாய் வித்தியாசம், கையிலிருந்து போறதுல 443 ரூபாய் வித்தியாசம். அதனால 2,500க்குக் கொஞ்சம் மேல நிக்கிற டிரஸ்ஸை ரெண்டு தடவை யோசிச்சு எடுங்க. எம்.ஆர்.பி. வரியும் சேர்த்துதான் போட்டிருக்கும், அதனால லேபிளைப் பாத்தா இது தெரியாது. பில்லைப் பாத்தாதான் தெரியும்.

ஆஃபர்: "2,999க்கு மேல வாங்கினா 500 தள்ளுபடி"ன்னு போட்டிருக்கும். கூடைல 2,100க்கு தேவையானது இருக்கும். மீதி 899க்கு எதையாவது சேர்ப்போம். தள்ளுபடி போக 2,499 கட்டுறோம். 500 மிச்சம் இல்லை, 399 கூடுதல் செலவு. அந்த "எதையாவது"தான் அடுத்த வருஷம் 41ல ஒண்ணா நிக்கும்.

கார்டு: 6,000 ரூபாய்க்கு துணி வாங்கி, பில்லை முழுசா கட்டாம மினிமம் மட்டும் கட்டினா என்ன ஆகும்? மாசம் 3.5% வட்டி போடுற கார்டுன்னா 6,000க்கு 210 ரூபாய், அந்த வட்டிமேல 18% ஜி.எஸ்.டி. 37.80. முதல் மாசமே சுமார் 248 ரூபாய். வட்டி மட்டுமே வருஷத்துக்கு 42% வேகத்துல ஓடுது. தேயுற பொருளைக் கடன்ல வாங்காதீங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுக்குத்தான். தவணை முடியுறதுக்குள்ள துணி வெளுத்துடும்.

எப்போ வாங்குறது: ஆடில கல்யாணம் இல்லை, கடைல சரக்கு தங்கும், அதனால தள்ளுபடி. வெயில்கால காட்டன் மிச்சம் இருக்கறதும் அப்போதான். அடுத்த கோடைக்கு வேண்டியதை ஆடில எடுங்க. ஏப்ரல்ல எடுத்தா முழு விலை. கைத்தறிக்கு, தீபாவளி சமயத்துல கோ-ஆப்டெக்ஸ்ல 30% தள்ளுபடி தருவாங்க, அதுக்குக் காத்திருக்கலாம். ஆனா பட்டியல் இல்லாம தள்ளுபடிக்குப் போகாதீங்க.

7. "ஆபீஸுக்குத்தானே வாங்குறேன், வரில கழிக்கலாமா?"

சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி. பொதுவா கழிக்க முடியாது. சம்பளக்காரங்க ஆபீஸுக்குப் போட்டுட்டு போற சாதாரண உடுப்பு சொந்தச் செலவுதான். கம்பெனி யூனிஃபார்ம் கட்டாயமாக்கி, அதுக்குன்னு தனியா அலவன்ஸ் கொடுத்தா, பழைய வரி முறைல நிஜமா செலவான தொகைக்கு மட்டும் விலக்கு உண்டு. புதிய முறைல அதுவும் கிடையாது. அதனால துணி பில்லைச் சேர்த்து வெச்சு வரி மிச்சமாகும்னு கனவு காண வேண்டாம். மிச்சம் பண்ண வேண்டிய இடம் கடைதான்.

8. அப்போ எவ்வளவு செலவு பண்ணலாம்?

இது சட்டம் இல்லை, நான் கிளையண்ட்களுக்குச் சொல்ற ஒரு அளவு: கைக்கு வர்ற சம்பளத்துல 3%. 30,000 ரூபாய் சம்பளம்னா மாசம் 900, வருஷத்துக்கு 10,800. சம்பளம் வந்த அன்னைக்கே ஒரு ஆர்.டி.லயோ தனி அக்கவுன்ட்லயோ போட்டுடுங்க. துணி வாங்குறது அந்தப் பணத்துலருந்து மட்டும்.

அதைப் பிரிக்கிறது இப்படி. 70%, அதாவது 7,560 ரூபாய், தினசரி போடுறதுக்கு. ஒண்ணு சுமார் 1,000 ரூபாய்னா வருஷத்துக்கு ஏழு நல்ல உருப்படி. ஒவ்வொண்ணும் ரெண்டு வருஷம் வந்தா எப்பவும் கைவசம் பதினாலு இருக்கும். ஆறு நாள் வேலைக்குப் போறவங்களுக்கு தாராளம். மீதி 30%, 3,240 ரூபாய், தீபாவளிக்கும் ஒரு கல்யாணத்துக்கும். விசேஷத்துக்கு ஆசைப்பட்டு ஒண்ணு எடுக்குறது தப்பே இல்லை. அது ஆசைக்குன்னு தெரிஞ்சு, அதுக்குன்னு ஒதுக்கின பணத்துல எடுக்கணும், அவ்வளவுதான்.

வாங்கினதை நீட்டிக்கிறதும் வருமானம்தான். புதுசை முதல் தடவை தனியா அலசுங்க. உள்பக்கம் வெளிய தெரியுற மாதிரி திருப்பித் துவைச்சு, நிழல்ல காயப்போடுங்க. அந்த 1,100 ரூபாய் குர்த்தி 52 தடவைக்குப் பதிலா 70 தடவை வந்தா, இஸ்திரியோட சேர்த்தே ஒரு தடவைக்கு 28 ரூபாய்க்குக் கீழ வந்துடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு மணி நேரம் ஒதுக்கி பீரோவைக் கொட்டுங்க. மூணு குவியல் போடுங்க: அடிக்கடி போடுறது, சரிபண்ணினா போடக்கூடியது, போடவே போறதில்லை. ரெண்டாவது குவியலை டெய்லர்கிட்ட கொண்டு போங்க, அதுதான் இருக்கறதுலயே மலிவான ஷாப்பிங். மூணாவதை தேவைப்படுறவங்களுக்குக் கொடுத்துடுங்க. கொடுக்கும் முன்னாடி, ஒவ்வொண்ணையும் ஏன் போடலைன்னு ஒரே வரில எழுதி வெச்சுக்கோங்க. அடுத்த தடவை கடைக்குப் போகும்போது கையில இருக்க வேண்டிய பட்டியல் அதுதான்.

அந்த ஆசிரியை அப்புறம் எட்டு மாசம் புதுசா ஒரு துணியும் எடுக்கலை. டெய்லருக்கு 1,400 ரூபாய் கொடுத்து பன்னிரண்டு டிரஸ்ஸை சரிபண்ணிக்கிட்டாங்க. துணிக்குப் போன பணத்தோட டியூஷன் வருமானத்தையும் சேர்த்து அடகுக் கடனைக் கட்டினாங்க. செயின் இப்போ கழுத்துல இருக்கு.

உங்க பீரோவுல மூணாவது குவியல் எத்தனைன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல குழந்தைங்க யூனிஃபார்ம், ஷூ கணக்கைப் பாக்கலாம்.